கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே

பொம்மை ஒட்டுவதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, பெருமைப்பட்ட காலமும் போய்விட்டது. அறுபதுகளில் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள், நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கொலுப் பெட்டியை இறக்கி, உடைந்த பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்துவிடுவார்கள். விரல் போன சரஸ்வதி, மூக்குப் போன செட்டியார், தும்பிக்கை போன யானை. மூளியான பொம்மையைப் படியில் வைக்கக் கூடாது. தூக்கிப் போடவும் யாருக்கும் மனசு வராது. அதனால் எல்லாம் என் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேரும்.

என் முறை சாதாரணமானதுதான். உடைந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவேன். வழவழப்பான இடத்தில் பசை நிற்காது. பிறகு வச்சிரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, சாக்குக்கட்டிப் பொடியைக் குழைத்து, ஓட்டையிருந்தால் அடைத்து, விரல் இல்லையென்றால் விரல் பிடித்து, காய்ந்ததும் ஈரத்துணியால் நீவி வர்ணம் தீட்டுவேன். ஒட்டினது தெரிந்தால் அது ஒட்டே இல்லை என்பது என் கட்சி. வச்சிரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் நாள் கணக்கில் காய்ச்சி எடுக்கிற பசை. அதைக் கொண்டுதான் மாட்டுங்காவின் அத்தனை மகாலட்சுமிகளுக்கும் விரல் வைத்தேன். எதில் ஒட்டுகிறாய் என்று எந்த மாமியும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

அந்தப் பசையைத் தாராவியிலிருந்து ஒருவர் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். பாய் என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், நாற்பது வயதிருக்கும். தோல் பட்டறைகளில் மிஞ்சுகிறதைக் காய்ச்சுகிற கொட்டகையில் அவருக்கு வேலை. தெருவில் கிடக்கும் எலும்பைத் தூரத்திலிருந்து பார்த்தே இது எருமைத் தோள்பட்டை, இது வெள்ளாட்டுத் தாடை என்று சொல்லிவிடுவார். என் பசை வழியாகத்தான் என் கணவருக்கு அவர் பழக்கமானார்.

என் கணவர் கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நிலவியல் ஆசிரியர். பேசாத மனிதர். வீட்டில் அவர் பேசுகிற பேச்சு ரேஷன், பால் கார்டு, லோக்கல் ரயில் தாமதம், இவ்வளவுதான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இதயத்து வால்வைக் கெடுத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டாருக்கு இதைச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தை நான் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். எங்களுக்குக் குழந்தையும் இல்லை. மூன்று மாடி ஏறி வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்குவார். அப்போதும் கண் பால்கனியில் இருக்கும் மரப்பெட்டி மேல்தான் இருக்கும். அந்தப் பெட்டியை நான் சக்களத்தி என்பேன். அதற்கு மட்டும் சிரிப்பார்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு தலை. ஒரு டிசம்பர் விடுமுறையில், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கோதாவரிக்கு வடக்கே ஆதிலாபாத் பக்கத்துச் செம்மண் பூமியில் அலைந்து எடுத்துவந்தது. பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணியால் கட்டுப்போட்டு, ரயிலில் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். முழங்கை நீளம் இருக்கும். பாதிக்கு மேல் கல்லுக்குள் புதைந்திருந்தது. வலது பக்கம் மண் அழுத்தி நசுங்கிப் போயிருந்தது, இடது பக்கம்தான் உருப்படி. கல்லூரியில் அதைச் சுத்தம் செய்ய ஆளில்லை. துறைத் தலைவர், இது ஏதோ பழைய பல்லி வகை, இதற்காகப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் குதித்தேன். "ஏன்னா, ஆத்துக்குள்ள எலும்பையா கொண்டு வருவா?"

"கல்லாப் போய் எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு. தீட்டெல்லாம் எப்பவோ போயிருக்கும்" என்றார்.

கல்லை அகற்றும் வேலைக்குப் பாய் வந்தார். கொட்டகை வேலை முடிந்ததும் சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை முழு நாள். தோல் தைக்கிற ஊசி ஒன்றும் பல் துலக்குகிற பிரஷ் ஒன்றும்தான் கருவி. மணி மணியாகச் செம்மண் கல்லைச் சுரண்டி ஒரு தாம்பாளத்தில் சேர்ப்பார். எலும்பில் வெடிப்பு கண்டால் என் வச்சிரத்தையே நீர்க்கக் கரைத்து ஊற்றி இறுக்குவார். அவருக்கென்று பால்கனி மூலையில் ஒரு தனி தம்ளர் வைத்திருந்தேன். அதில்தான் காப்பி. கழுவி அவரே அங்கே கவிழ்த்து வைப்பார். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

என் கணவருக்கு அந்தத் தலையிடம் வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். அது என்னவென்று அவர் போன பிறகு, அவருடைய கறுப்பு நோட்டில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலை, டைனோசர், பறவை எல்லாம் ஒரே வம்சம். ஆர்க்கோசார் என்று அந்த வம்சத்துக்குப் பெயர். அதன் மூத்த தலைமுறைகளுக்கு அடையாளம் உண்டு. பற்கள் தாடையின் குழிக்குள் நட்டு நிற்கும். கண்குழிக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில், கன்னத்தில், தனியாக இன்னொரு ஓட்டை இருக்கும். பல்லிக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் அந்த ஓட்டை கிடையாது. முதலைக்குப் பிற்காலத்தில் தூர்ந்துபோயிற்று. பறவைக்கு இன்றைக்கும் இருக்கிறது. பற்கள் குழிக்குள் இருப்பதை அவர் தோண்டிய இடத்திலேயே பார்த்துவிட்டார். பல் மட்டும் போதாது, கன்னத்து ஓட்டையும் வேண்டும். அந்த இடத்தைக் கல் மூடியிருந்தது.

இருந்தும், ஓட்டை இருந்தே தீரும் என்று நம்பி, இது அந்த வம்சத்தின் மூத்த கிளைகளில் ஒன்று என்று ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். கண்ணால் பார்த்து உறுதி செய்கிறேன், அதுவரை அச்சிட வேண்டாம் என்று அடியில் ஒரு வரி. காத்திருக்கத் தனக்கு அதிக நாள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துறைத் தலைவர் பல்லி என்கிறார், இவர் இல்லை என்கிறார், யார் சொல்வது சரி என்பது கட்டைவிரல் அளவுள்ள ஓர் இடத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

இதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் சொன்னதில்லை. பாயிடம் அத்தனையும் சொல்லியிருந்தார். மெட்ரிக் பாஸ் செய்து, இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற பெண்டாட்டிக்குத் தெரியாதது பசை காய்ச்சுகிறவருக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு இதை நினைத்து நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. ஆனால் அவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஒருநாள் பால்கனியைத் துடைக்கும்போது ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே சுத்தமாக வேகவைத்துத் தோல் நீக்கிய ஒரு கோழித் தலை எலும்பு. டப்பாவோடு குப்பையில் கொட்டிவிட்டு, தலைக்குக் குளித்து, சாயங்காலம் வந்த பாயை வாய்க்கு வந்தபடி பேசினேன். என் கணவர்தான், "அது நான் கேட்டு அவர் கொண்டுவந்தது" என்றார். எதற்கு என்று நான் கேட்டிருந்தால் அந்தக் கன்னத்து ஓட்டையைக் கோழித் தலையில் எனக்கும் காட்டியிருப்பார். நான் கேட்டது, "நாளைக்கு மீன் தலையும் வருமா?"

அந்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, பரேலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் அங்கே, மத்தியானம் வீடு. வீட்டில் மேஜை முழுக்கக் கொலுப் பொம்மைகள். வாங்கிக்கொண்டதைச் செய்து கொடுத்துத்தானே ஆக வேண்டும். பாய் தன்பாட்டுக்கு வந்து சுரண்டிக்கொண்டிருந்தார். ஐயா வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கொட்டகையில் நாலு நாள் லீவு கேட்டு வாங்கியிருந்தார்.

ஒரு மத்தியானம் அவர் பால்கனியில் இருக்கும்போது, தாராவியில் அவரோடு தங்கியிருந்த ஆள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தான். கையில் தந்தி. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். பாய் ஊசியைக் கீழே வைத்து, தலை மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, எழுந்து வந்தார்.

"அம்மா, ஊர்ல வாப்பா மவுத்தாயிட்டாவ. இன்னைக்கி மெயில்லயே போறேன். நாப்பதாம் நாள் கழிச்சித்தான் வருவேன்" என்றார். வாசல்வரை போனவர் நின்று, "ஐயா வந்ததும் மொதல்ல தலையப் பாக்கச் சொல்லுங்கம்மா" என்றார். சொல்லும்போது அவர் முகம் எப்படியோ இருந்தது.

அவர் போனதும் துணியை எடுத்துப் பார்த்தேன். கண்குழிக்கு முன்னால் ஓர் ஓட்டை. என் கட்டைவிரல் நுழையும். தாம்பாளத்தில் புதிதாகச் சுரண்டிய செம்பொடி.

அவசரத்தில் ஊசியை ஓங்கிக் குத்தி உடைத்திருக்கிறார், அதனால்தான் துணியைப் போட்டு மூடினார், அதனால்தான் வாசலில் அப்படி நின்றார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், 'உடைத்துவிட்டு ஓடுகிறான்' என்றுதான் மனசில் வந்தது. எத்தனை வருஷம் காப்பி கொடுத்தாலும் தாராவிக் கையை நம்பாத புத்தி எனக்குள் எங்கேயோ தயாராக உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்து இரக்கம் வந்தது. பெற்றவரைப் பறிகொடுத்துவிட்டுப் போகிற மனிதர். இங்கே என் கணவருக்கோ எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரையும் காப்பாற்ற என்னால் முடியும். அடுப்பில் வெந்நீருக்குள் வச்சிரம் இளகிக்கொண்டிருந்தது.

உப்புத்தாளை எடுத்து விளிம்பைச் சுற்றித் தேய்த்தேன். உடைந்த விளிம்பு எப்போதும் கையைக் கிழிக்கும். இது கிழிக்கவில்லை. பானை வாய் மாதிரி உருண்டு வழவழப்பாக இருந்தது. ஆயிரம் உடைசலைத் தொட்ட என் விரலுக்கு அது வித்தியாசமாகத் தெரிந்தது. பசை நிற்காதே என்பதுதான் என் கவலை, அதனால் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். உள்பக்கம் ஒரு துணித்துண்டை ஒட்டி, சாக்குக்கட்டிப் பொடிக்குப் பதிலாகத் தாம்பாளத்துச் செம்பொடியையே வச்சிரத்தில் குழைத்து அடைத்தேன். காய்ந்த பிறகு நீவி, பக்கத்து எலும்பில் இருந்த கோடுகளைப் போலவே ஊசியால் மெல்லக் கோடு இழுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நேர்த்தியாக நான் எதையும் ஒட்டியதில்லை.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும், "பாய் முடிச்சுட்டாரா?" என்று கேட்டார்.

"முடிச்சுட்டார்னா. பாவம், அவரோட அப்பா தவறிட்டாராம். ஊருக்குப் போயிருக்கார்."

"தலையை எடுத்துண்டு வா."

அவரால் பிடிக்க முடியவில்லை. நான்தான் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். சாயங்கால வெளிச்சம். பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். என் ஒட்டின் மேலேயே பார்த்தார். கட்டைவிரலால் கன்னத்தை இப்படியும் அப்படியுமாகத் தடவினார். கண்டுபிடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இங்க ஒண்ணும் இல்லையே" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதை நான் மறைக்க மாட்டேன். அத்தனை கூர்மையான கண்ணுக்கே என் ஒட்டு தெரியவில்லை என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். "ஒண்ணும் இல்லேன்னா. நன்னாத்தானே இருக்கு" என்றேன்.

"ஆமாம், நன்னாத்தான் இருக்கு" என்றார். கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் தலையணையில் சாய்ந்தபடி ஒரு கடிதம் எழுதினார். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று. உறையை அவரே ஒட்டினார். காய்கறி வாங்கப் போகும்போது மார்க்கெட் முனையில் இருந்த தபால் பெட்டியில் நான் அதைப் போட்டேன். வாழைக்காய், கொத்தமல்லி, கடிதம். அதற்குப் பிறகு அவர் பால்கனிப் பக்கம் திரும்பவில்லை. உடம்பு முடியாததால் என்று நினைத்தேன். பெட்டியைத் திறக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டதற்கு, "அதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லே" என்றார்.

வீடு வீடாகக் கொலு வைத்திருந்த நாட்கள். சுண்டல் வாங்க வரும் குழந்தைகள் பாடுவது மாடிப்படியில் கேட்கும். நான் ஒட்டிய பொம்மைகள் எல்லார் வீட்டிலும் படியேறி முழுசாக உட்கார்ந்திருந்தன. ஒரு மத்தியானம் மோர் சாதம் கேட்டார். கரைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

பதிமூன்று நாள் காரியமும் முடிந்து, செம்பூரில் இருந்த என் அண்ணா என்னைத் தன்னோடு அழைத்துப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது பாய் வந்தார். கீழே வாட்ச்மேன் சொல்லியிருக்கிறான். வாசலுக்கு வெளியிலேயே நின்று, தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சாவு.

பிறகு, "அம்மா, ஐயா தலையப் பாத்தாவளா?" என்று கேட்டார்.

"பார்த்தார் பாய்."

"நா ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா?"

பால்கனிக்குப் போய்த் துணியை எடுத்தார். அவருடைய விரல் நேராகக் கன்னத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"இங்கன இருந்த ஓட்டைய யாரும்மா அடச்சது?"

"நான்தான். உடைஞ்சிருந்ததே" என்றேன்.

"ஒடையலம்மா. நா ஒடைப்பனா? கல்லு பொடிப்பொடியா உதுந்திச்சி, உள்ள ஓட்டை அப்பிடியே இருந்திச்சி. ஓரமெல்லாம் வழுவழுன்னு. ஐயா கோழித் தலையில காட்டிக் குடுத்தாவள்லா, அதே எடம். இந்த ஓட்டைக்குத்தான ரெண்டு வருசமா ஐயா காத்துக்கிட்டுக் கெடந்தாவ. இது இருந்தா ஐயா சொன்னது சரி, இல்லன்னா அந்தப் பெரிய சார் சொன்னது சரி. தந்தி வந்த அன்னைக்கித்தான் தொறந்திச்சி. நா வாயால சொல்லக் கூடாது, அவுக கண்ணால மொதல்ல பாக்கட்டும்னுதான் துணியப் போட்டு மூடிட்டுப் போனேன்."

'இங்க ஒண்ணும் இல்லையே' என்று அவர் சொன்னதும், நான் சொன்ன பதிலும் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. பாய் என்னையே பார்த்தார். மெதுவாக அவர் முகம் மாறிற்று. பயந்துபோய்க் கேட்டார்.

"ஐயா பாத்த பொறவுதானம்மா அடச்சிய?"

"ஆமாம் பாய்" என்றேன். "பார்த்துட்டார். அப்புறமா, பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் அடைச்சேன்."

"என்னம்மா சொன்னாவ?"

"ரொம்ப சந்தோஷப்பட்டார்."

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து, "யா அல்லா, அது போதும்" என்று விம்மினார். அன்றைக்கு அவருக்கு என் கணவருடைய தம்ளரில் காப்பி கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் போனதும் வெந்நீர் வைத்தேன். வச்சிரம் சூட்டுக்கு இளகும், அதுதான் அதன் குணம். பஞ்சை நனைத்து வைத்து வைத்து எடுத்தேன். சாயங்காலத்துக்குள் ஓட்டை திறந்துவிட்டது. ஆனால் உப்புத்தாள் தேய்த்த தேய்ப்பு அப்படியே இருந்தது. வழவழப்பு எங்கேயும் இல்லை, விளிம்பைச் சுற்றிலும் புதுக் கீறல். அதற்குப் பிறகுதான் கறுப்பு நோட்டை எடுத்துப் படித்தேன்.

அடுத்த வாரம் தலையை டாக்ஸியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் நல்ல மனிதர், எழுந்து நின்று நாற்காலி போட்டார். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மேஜை இழுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் தபாலில் போட்ட கடிதம். சுத்தம் செய்து பார்த்துவிட்டேன், கன்னத்தில் ஓட்டை இல்லை, அவசரப்பட்டது என் தவறு, என் குறிப்பை அச்சிட வேண்டாம், மூத்தவர் சொன்னதே சரி என்று தோன்றுகிறது. ஆடிப்போன கையெழுத்து. அவர் எழுதியதில் பாதி வார்த்தை கோணல்.

துறைத் தலைவர் தலையை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். "அம்மா, எனக்கு உங்களை நம்பணும்னுதான் இருக்கு. ஆனா விளிம்பு பூரா சுரண்டின தடம். இது தானா இருந்த ஓட்டையா, ஊசியால தோண்டினதான்னு இதை வச்சு யாரும் சொல்ல முடியாது. அவரே இல்லைன்னு எழுதிட்டார். நீங்க தேய்க்கறதுக்கு முன்னாடி இதைப் பார்த்தவா யாராவது இருக்காளா?"

"ஒருத்தர் இருக்கார்."

"அவரை அழைச்சுண்டு வாங்கோ. அவர் சொல்றதை எழுதிக் கையெழுத்து வாங்கி, நானே பத்திரிகைக்கு அனுப்பறேன். நான் சொன்னது தப்புன்னு சேர்த்தே எழுதறேன்."

நான் செம்பூர் போன பிறகு, ஒரு காலை பஸ் பிடித்துத் தாராவிக்குப் போனேன். அத்தனை வருஷம் பசை வாங்கியும் அந்தக் கொட்டகையை நான் பார்த்ததில்லை. வாடை மூக்கில் அறைந்தது. பெரிய அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. கம்பி வலையில் வச்சிரப் பாளங்கள் வரிசையாகக் காய்ந்தன. பாயிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஐயா பார்க்கவில்லை பாய், நான் பொய் சொன்னேன், நீங்கள் வந்து சாட்சி சொன்னால் அவர் சொன்னது ஜெயிக்கும்.

என்னைக் கண்டதும் ஓடிவந்து, ஒரு ஸ்டூலைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார். சோடா வாங்க ஆள் அனுப்பினார். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, "இந்தம்மாதான். நா சொல்லுவம்லா, அந்த ஐயா வீட்டம்மா" என்றார். அவர்களுக்கெல்லாம் கதை தெரிந்திருந்தது. முதலையும் கோழியும் சொந்தக்காரங்கதானே என்று ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பாய் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார்: "வாப்பா மூஞ்சியக் கடைசியா நா பாக்கலம்மா. போயிச் சேருததுக்குள்ள எடுத்துட்டாவ. நாப்பது நாளும் எனக்கு ஒறக்கமே இல்ல. இங்க வந்து, ஐயா அந்த ஓட்டையப் பாத்துட்டுத்தான் போனாவன்னு நீங்க சொன்னியள்லா, அன்னைக்கித்தான் தூங்குனேன். வாப்பாவுக்கு ஒண்ணும் செய்யல, ஐயாவுக்காச்சும் ஒண்ணு செஞ்சி அனுப்பிச்சோம்னு நெனச்சிக்கிடுதேன்."

சோடா வந்தது. குடித்தேன்.

"என்ன விசயமா வந்தியம்மா?"

என் கணவருக்காக நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். "கால் கிலோ வச்சிரம் வாங்கிண்டு போகலாம்னு வந்தேன்" என்றேன்.

நல்ல பாளமாகப் பார்த்துப் பொறுக்கி, பேப்பரில் கட்டிக் கொடுத்தார். அதை நான் உருக்கவே இல்லை. அதற்குப் பிறகு யாருக்கும் எந்தப் பொம்மையும் ஒட்டிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த ஆள் ஊரோடு போய்விட்டார், இனி வரமாட்டார் என்று துறைத் தலைவருக்கு நாலு வரி எழுதினேன். செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பெட்டியில் போட்டேன். என் கணவருக்கு எதிராக நான் தபாலில் சேர்த்த இரண்டாவது கடிதம் அது.